பனி பார்க்கப் போன மொன்றியல்காரர்

பனி கொட்டும் ஊரில் இருக்கிற சனத்தை, பனி கொட்டுகிற இன்னொரு ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவதுதான் என் தொழில். காலையில் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டு வந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு விண்டரும் ஒரு தமிழ்க் கூட்டத்தோடு ஐஸ்லாந்துக்குப் போகிறேன். பனியாறு, நீர்வீழ்ச்சி, கடைசியில் வடக்கு வானத்தில் வருகிற பச்சை ஒளி. கடைசியாகப் போன கூட்டத்தின் கதை இது. பத்துப் பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ரொக்ஸ்பரோவில் ஒரு கேள்வி

புறப்பட முதல் எல்லோரையும் ஓரிடத்தில் கூப்பிட்டு, என்ன உடுப்பு, என்ன சப்பாத்து என்று சொல்லுவது வழக்கம். இந்தமுறை மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில், கனகு அண்ணை வீட்டு பேஸ்மென்டில் கூடினோம். அவர் காலமெல்லாம் மொன்றியல் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டி, அண்மையில்தான் ஓய்வு பெற்றவர். அதற்குப் பரிசாகப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தப் பயணத்துக்குப் பதிந்துவிட்டார்கள்.

நான் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் காட்டினேன். வெள்ளையாய் ஒரு மலை, வெள்ளையாய் ஒரு வெளி, வெள்ளையாய் ஒரு ரோட்டு. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு கடைசிப் படம்வரை பார்த்தார். யாருக்கும் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன். அவருக்கு ஒன்றுதான் இருந்தது.

"பிள்ளை, அங்க போய் நான் இதைப் பாக்கிறது மட்டும்தானே, தள்ளத் தேவையில்லையே?"

இரண்டு நிபந்தனை

அதே நகரத்து லாசாலில் இருந்து இரண்டு சகோதரிகள் வந்திருந்தார்கள். மூத்தவர் சிவமலர் அக்கா, வீட்டிலேயே கார்தெரி, அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையம், நடத்தி, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கையுறை மாட்டிவிட்டவர். இளையவர் நேசம். விமான நிலையத்தில் அக்கா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து நேசம் என் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம். நேரே பார்த்தால் தெரியும், பக்கத்தில் தெரியாது. அடுத்த விண்டருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த அவசரப் பயணம். நான் வழக்கமாகச் சொல்லுகிறதைச் சொன்னேன்: ஒளி வருவதும் வராததும் மேகத்தின் கையில், யாரும் உறுதி தர முடியாது. நேசம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வதனி, நான் சொன்னது அவவுக்குத் தெரியக்கூடாது, அந்த லைட் வராமலும் போகக்கூடாது."

வெக்கை

இறங்கின அன்று எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் மூன்று ஜக்கெட் போட்டு, கண் மட்டும் தெரிய, மெத்தைகள் நடப்பதுபோல வெளியே வந்தார்கள். அங்கே லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. மொன்றியலில் இருந்து கனகு அண்ணையின் மகன் போன் எடுத்து, அங்கே மைனஸ் இருபத்தெட்டு, பள்ளிக்கூட பஸ்கூட வரவில்லை, அப்பா குளிர் தாங்குகிறாரா என்று கவலையோடு கேட்டான். அண்ணை கம்பளித் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"இஞ்ச வேர்க்குது தம்பி, நீங்கள் அங்க கவனமா இருங்கோ."

கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கார்த்திக் சென்னைப் பையன், மொன்றியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி திவ்யாவோடு வந்திருந்தார். ஊரில் உள்ள அம்மாவுக்குத் தினமும் ஒரு படம் அனுப்பவேண்டும் என்பது அவர் விரதம். நீர்வீழ்ச்சியில் தெறிக்கிற தண்ணீர் பாதையிலேயே உறைந்து, கண்ணாடிபோலக் கிடக்கும். அதனால் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கோ என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவர் அந்தப் பக்கம் நின்றார். அடுத்த கணம் நிற்கவில்லை.

சறுக்கிக்கொண்டு போய், விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கல்லில் கால் முட்டி நின்றார். கைப்போன் நிற்கவில்லை, அது அருவியோடு போனது. எழும்பவேண்டாம், படுத்தபடியே தவழ்ந்து வாருங்கோ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கனகு அண்ணை தன் சால்வையின் ஒரு முனையை எறிந்தார். மறுமுனையை நாங்கள் எல்லோரும் பிடித்து, மீன்வலை இழுப்பதுபோல இழுத்து எடுத்தோம்.

பஸ்ஸில் ஏறித் திரும்பினோம். நகரம் தெரியத் தொடங்கியபோது திவ்யா கணவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கல்லு மட்டும் இல்லேன்னா, இன்னைக்கு அத்தைக்கு என்ன படம் அனுப்பியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

அழுக்கு

பனியாற்றில் நடக்க, சப்பாத்துக்குக் கீழே இரும்பு முள்ளுத்தட்டுக் கட்டவேண்டும். அங்கே எங்களை நடத்திக்கொண்டு போகிறவள் அந்த ஊர்ப் பெண். சிவமலர் அக்கா பஸ் படியை விட்டுப் பக்கத்தில் கால் வைத்ததை அவள் கண்டுவிட்டாள். கண் தெரியுமா என்று கேட்டாள். நேசம் வானத்தைப் பார்த்தார், நான் நேசத்தைப் பார்த்தேன். அக்கா மறைக்கவில்லை, நேரே தெரியும், பக்கம் தெரியாது என்று அவரே சொன்னார். அப்படியென்றால் பஸ்ஸில் சூடாக இருக்கலாமே என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

அக்கா பஸ்ஸுக்குப் போகவில்லை. குனிந்து, திவ்யாவின் முள்ளுத்தட்டுப் பட்டி தளர்ந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்து, கார்தெரிப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல இழுத்துக் கட்டினார். பிறகு என்னுடையதையும். அந்தப் பெண் கட்டு இறுகியிருந்ததைக் கண்டாள். பிறகு ஒரு கயிற்றை எடுத்துத் தன் இடுப்பிலும் அக்காவின் இடுப்பிலும் கட்டி, தன் அடியிலேயே அடி வைத்து வரச்சொன்னாள்.

இவ்வளவு பாடுபட்டு ஏறினால், எரிமலைச் சாம்பல் படிந்து பனியாறு கறுப்பாகக் கிடந்தது. நீலமாக இருக்கும் என்று நான் காட்டிய படத்தை நினைத்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கனகு அண்ணைக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"மார்ச் மாசம் லாசால் ரோட்டுக்கரையில கிடக்கிறதும் இதுதான் பிள்ளை, அதை ஒருத்தரும் படம் எடுக்கிறேல்லை."

மேகம்

முதல் இரண்டு இரவும் மேகம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும், சுவிட்ச் என் கைப்பைக்குள் இருக்கிறது என்ற மாதிரி என்னைப் பார்த்தார்கள். கார்த்திக் மனைவியின் போனில் மேகம் காட்டுகிற செயலியைத் திறந்துவைத்து, கோப்பைக்குக் கோப்பை நிலவரம் சொன்னார். நேசம் சாப்பிடவில்லை.

நேசம் அறைக்குப் போனதும் சிவமலர் அக்கா மேசையோரமாகத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார். தங்கச்சி விமான நிலையத்தில் என்னைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோனது தனக்குத் தெரியும் என்றார். தூண் அவருக்கு நேரேதான் இருந்ததாம். தனக்கு இந்த ஒளியில் பெரிய ஆசையே இல்லை, தங்கச்சியின் மனம் நோகக்கூடாது என்றுதான் ஓம் என்றாராம். இனி இரண்டு பேருடைய இரகசியமும் என்னிடம், ஆனால் இரண்டையும் காப்பாற்ற வானம் ஒன்றுதான்.

"எனக்கு லைட் வராட்டியும் பறவாயில்லை வதனி, அவள் அழாமல் வீட்ட போகவேணும்."

பச்சை

கடைசி நாள் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு டிரைவர் கதவைத் தட்டினார். மேகம் விலகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு வயல் ஓரம் பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். மலைக்கு மேலே நீளமாக ஏதோ இருந்தது. நான் கையை நீட்டி, அதுதான் என்றேன்.

திவ்யா போனைத் தூக்கினாள். திரையில் வானம் பச்சைப்பசேல் என்று எரிந்தது. போனை இறக்கினால் ஒரு சாம்பல் பட்டை, அடுப்புப் புகைபோல. ஒளி மெலிவாக வருகிற நாளில் கமராவுக்குத் தெரிகிற பச்சை மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். கனகு அண்ணை திரையையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். நேசத்தின் உதடு துடிக்கத் தொடங்கியது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து அக்காவுக்குப் புகையைக் காட்டிவிட்டோமே என்ற துடிப்பு.

சிவமலர் அக்கா நேரே நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சியிடம், உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார். சாம்பலாய், ஓரமெல்லாம் மங்கலாய் என்றார் நேசம், அழுகிற குரலில். திவ்யாவுக்கும் அப்படித்தானா, கனகு அண்ணைக்கும் அப்படித்தானா என்று ஒவ்வொருவராய்க் கேட்டார். எல்லோரும் ஓம் என்றோம். அக்கா தங்கச்சியின் தோளில் கையைப் போட்டு, சத்தமாகச் சிரித்தார். நேசத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இண்டைக்கு எல்லாருக்கும் என்ர கண்தான்."

ஆக, மேகம் மறைத்தாலும் மன்னிப்புக் கேட்பது நான், ஒளி வந்தாலும் அது படத்தில் உள்ள நிறத்தில் வரவில்லை என்று மன்னிப்புக் கேட்பதும் நான்தான்.