பல நிறச் சோறு

அம்மாவின் குசினி அலுமாரியில் சட்டி பானைகளை ஒதுக்கும்போது, சணல் சாக்கு நாற்றத்தோடு அப்பாவின் அந்த இரும்பு கையில் தட்டுப்பட்டது. ஒரு சாண் நீளம், கூரான முனை, வாய்க்கால் போல நடுவில் குழி, மரப்பிடி. சின்ன வயதில் இது எதற்கென்று நான் கேட்டபோதெல்லாம், ஒருநாள் கயிறு கோர்க்க என்பார் அப்பா, இன்னொருநாள் மரவள்ளி கிண்ட என்பார். அப்போதே நான் நம்பவில்லை.

கிண்ணியாவில் அரிசிக்கடை வைத்திருக்கும் நானாவிடம் காட்டினேன்.

"இது குத்தூசி, தங்கச்சி. மூட்டைய அவிழ்க்காம குத்தி இழுத்தா ஒரு பிடி அரிசி வரும், தரம் பாக்கலாம். சணல் திரும்ப மூடிரும், குத்தினது தெரியாது. உங்கட அப்பா அரிசி யாவாரமா?"

"ஓம்" என்று பொய் சொன்னேன்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் அரிசி மூட்டை சுமந்தவர். இன்று இடித்துத் தரையாக்கிவிட்ட அந்தக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீட்டில், பின்னேரமானால் அம்மா அரிசி புடைக்கும் சுளகுச் சத்தம் கேட்கும். சிவப்பும் வெள்ளையும் சம்பாவும் ஒரே பானையில் வெந்து, சில பருக்கை குழைந்தும் சில பல்லில் கடிபட்டும் வரும். "கடைக்காரன் கலந்து தாறான்" என்பார் அம்மா, தலை நிமிராமல்.

அப்பா துறைமுக வேலையை விட்ட மாதத்தில்தான், ஒரே நிறச் சோற்றை எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கண்டேன்.