ஆடிட் கேமரா

படம் எடுக்கவென்று நான் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கிய புதிது. மண்ணரை என்ற ஊரில் ஒரு சிறிய பனியன் கம்பெனிக்குள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நுழைந்தேன். பையிலிருந்து என் பெரிய கேமராவை எடுத்ததுதான் தாமதம், தைத்த பனியன்களைச் சோதித்து ‘பாஸ்’ செய்யும் செக்கிங் மேசையில் இருந்த அத்தனை பெண்களும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு விறைத்து நின்றார்கள்.

ஓரத்தில் நின்ற ஒல்லியான அம்மா ஒருவர்தான் வாய் திறந்தார். பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கும் சின்னக் கத்தரி, பேசும்போதும் அவர் கையில் ஓயவில்லை.

“ஏனுங்க, ஆடிட்டுங்களா?”

“இல்லீங்க, சும்மா படம் எடுக்கத்தான் வந்தேன்.”

“இத்தாம்பெரிய கேமராவோட வந்தா ஆடிட்டுன்னுதானுங்க நெனைப்போம். சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரங்க, இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு ஆளனுப்பிப் படம் புடிப்பாங்க. அவங்க வந்தாத்தான் இந்த மாஸ்க்கே. சின்னதா ஒண்ணு இல்லீங்களா?”

இருந்தது. கௌரவக் குறைச்சல் என்று பையின் அடியில் போட்டிருந்தேன். அதை எடுத்ததும் அவர் மாஸ்க்கைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். பேச்சும் சிரிப்பும் திரும்பி வந்தன.

கிளம்பும்போது என் சட்டையில் தொங்கிய நூலை நறுக்கிவிட்டு, “இப்பப் பாஸுங்க” என்றார்.

அன்றிலிருந்து சின்னக் கேமராதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தப் புண்ணியவதியின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் எந்த ஊரில் யார் வாசலில் நின்றாலும், உள்ளே போகுமுன் சட்டையில் நூல் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.