தங்கமாரி நின்ற இடங்கள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தங்கமாரியின் கணவர் போன் செய்தார். "அவ போய்ட்டா அண்ணாச்சி" என்றார். "எந்த ரோட்டுல?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ரோட்டில் இல்லை. பத்து நாள் காய்ச்சல், மதுரை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது.

ராஜபாளையத்தில் ஞாயிறு காலைகளில் சைக்கிளில் போகும் எங்கள் ஒன்பது பேரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், தேரடிப் பக்கம் காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். பேண்டேஜ் துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்த தங்கமாரி கடைசி ஆளாக வருவார். விடியலில் இடப்பக்கம் மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி மேகம் படுத்துக் கிடக்கும். சாலை நமக்கென்றே போட்டது போலத் தோன்றும். மூன்று பேர், நான்கு பேராகப் பரந்து, பேசிக்கொண்டே மிதப்போம். பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "ஒத்த வரிசைக்கு வாங்க, பால்வண்டி வருது."

ஒருநாள் நான் சலித்துக்கொண்டேன். "ஹாரன் அடிச்சா ஒதுங்கப் போறோம்."

"அவிய எதுக்கு அண்ணாச்சி அடிக்கணும்? விருந்துக்குப் போன வீட்டுல காலை நீட்டிக்கிட்டா உக்காருவோம்?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மறுபடியும் பரந்துதான் போனோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, திரும்பும் வழியில், ராஜபாளையம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லை என்று நினைத்தேன். நல்ல வேகத்தில் வந்திருந்தேன். அதை இழக்க மனமில்லை. கடந்தேன். ஒரு பஸ்ஸின் மறைவிலிருந்து டிபன் தூக்கோடு சண்முகத்தாய் என்ற மில் தொழிலாளி வெளிப்பட்டார். இருவரும் விழுந்தோம். தூக்கு உருண்டு, சோறு ரோட்டில் சிதறியது. அவருடைய இடது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது.

"கூட்டம் கூடுமுன்ன கெளம்பு மாப்ளே" என்றான் எங்களோடு வந்த ஒருவன். நானும் சைக்கிளைத் தூக்கினேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. அதற்குள் தங்கமாரி தன் துப்பட்டாவால் அந்தக் கைக்குத் தூளி கட்டிவிட்டு, ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியிருந்தார். என்னைத் திட்டவில்லை. "ஏறுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். "வழுக்கி விழுந்துட்டாவ" என்றேன். தங்கமாரி என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் நிதானமாகச் சொன்னார்: "இல்ல சார். சிக்னல் சிவப்புல இருக்கையில எங்க சைக்கிள் மோதிருச்சு." என் பெயரைச் சொல்லவில்லை, 'எங்க' என்றார். அவரோ அந்தச் சிவப்பில் ஒரு காலை ஊன்றி நின்றவர். அதன்பிறகு நானே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன்.

ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம். ஏழு ஞாயிறுகள் சைக்கிளைத் தொடவில்லை. எட்டாவது ஞாயிறு அவரே கடைக்கு வந்தார். "அந்த அக்காவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. பாக்கப் போறேன். வாரியளா?"

செட்டியார்பட்டிக்குப் போனோம். சண்முகத்தாய் எங்களை உட்காரவைத்து, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "வலியெல்லாம் போச்சுய்யா. ரோட்டைத் தாண்டத்தான் ஏலல. பச்சையா செவப்பான்னு பாத்துப் பாத்து நிக்கேன். நம்பிக் காலை எடுத்து வைக்க முடியல." ஒரு கையை மட்டும்தான் ஒடித்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். திரும்பும்போது தங்கமாரி சொன்னார்: "போலீசு இருக்காகன்னா நிக்கோம்? அந்த அக்கா நம்மள நம்பணும்லா, அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் ஒற்றை வரிசையில் போயிற்று. யாரும் விதி போடவில்லை.

கடைசியாக அவரோடு போனது ஒரு பனிக்காலை. மம்சாபுரம் பிரிவுக்குச் சற்று முன்னால் செம்மறி ஆடுகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. தங்கமாரி கையை உயர்த்தினார், நின்றோம். பனிக்குள்ளிருந்து ஆடுகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் சக்கரங்களை உரசிக்கொண்டு, வெதுவெதுப்பாக, தண்ணீர்போல இருபுறமும் ஒழுகின. மணிச்சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டுக்காரர் கடைசியாக வந்து, எங்களைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எம்புட்டு நேரம் நின்னிய!" என்றார். தங்கமாரி பதிலுக்குச் சிரித்தார். சாலை காலியான பிறகும் நாங்கள் செத்த நேரம் அப்படியே நின்றோம். யாருக்கும் அவசரமில்லை. தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உச்சி மட்டும் பனிக்கு மேலே தெரியத் தொடங்கியது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நிற்றல்தான்.