ஓரகத்தியின் சத்தக் கருவி

இரண்டு பள்ளிக்கூடங்கள், இரண்டு வேதியியல் ஆய்வகங்கள். இரண்டிலும் உதவியாளர்களாக இருந்தவர்கள் ஒரே வீட்டு மருமகள்கள். பெரியவள் பதினெட்டு வருஷமாகக் குடுவை கழுவுகிறவள். சின்னவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே பெரியவள்தான். எழுதிய அந்தக் கையை இப்போது நினைத்தால் அவளுக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது.

பெரியவளின் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கண்பார்வை இல்லை. அவள் தானே திரவம் அளக்கட்டும் என்று, ஊசியில்லாத சிரிஞ்சின் தண்டில் ஐந்து மில்லிக்கு ஒரு வெட்டாகப் பெரியவள் அரத்தால் ராவிக் கொடுத்திருந்தாள். நகத்தால் தடவி எண்ணிக்கொள்ளலாம். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து, பார்வையற்றவர்களுக்கு ஏற்ற ஆய்வகக் கருவிகள் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார்கள். அப்போது சின்னவள் ஒன்றைச் செய்துகொண்டு வந்தாள். பீக்கர் விளிம்பில் மாட்ட இரண்டு கம்பி, ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர். திரவம் ஏறிக் கம்பிகளைத் தொட்டால் கீயென்று கத்தும். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டிலோ மாமியாருக்கு வாய் ஓயவில்லை. பெரியவளின் கணவர்கூட, "தம்பி குடுத்து வச்சவன்" என்றார். அன்றைக்கு அவருக்குக் காபி ஆறித்தான் கிடைத்தது.

கூட்டுச் சோதனைக்கு முதல்நாள் செய்முறைத் தாளைப் பார்த்ததுமே பெரியவளுக்குப் பொறி தட்டியது. நாளைக்கு ஊற்றப்போவது காய்ச்சி வடித்த நீர். அதில் மின்சாரம் சரியாக ஓடாது, பஸ்ஸர் கத்தாது. சின்னவள் குழாய்த் தண்ணீரில் மட்டுமே சோதித்திருந்தாள். ஒரு போன் போட்டால் முடிந்தது. பெரியவள் போடவில்லை.

மறுநாள் பார்வையில்லாத அந்த மாணவி காதைத் தீட்டிக்கொண்டு ஊற்றினாள். சத்தமே இல்லை. தண்ணீர் வழிந்து மேசை, நோட்டு, சீருடை எல்லாம் நனைந்தது. சின்னவளின் முகம் செத்துப்போனது. பெரியவளுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது.

"நான்தான் தப்பா ஊத்திட்டேன் போல," என்றாள் மாணவி, குரல் உடைந்து.

அது பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. "உன் தப்பு இல்லைம்மா. வடிச்ச தண்ணில அது கத்தாது. எனக்கு நேத்தே தெரியும்."

சின்னவள் வெடுக்கென்று திரும்பினாள். "தெரிஞ்சும் சொல்லலையாக்கா?"

"சொல்லலை. பொறாமை. போதுமா?"

இரண்டு வாரம் அவர்களுக்குள் பேச்சில்லை. அதற்குள் பிள்ளைகள் அறிக்கையை முடித்துவிட்டார்கள். உப்புக் கரைசலுக்குப் பஸ்ஸர், வடித்த நீருக்குச் சிரிஞ்சு என்று இரண்டும் அதில் இருந்தன. நன்றிப் பக்கத்தில் சின்னவளின் பெயர் முதலில் இருந்தது.

"ஏன், அவ பேரு மேல?"

"அகரவரிசைக்கா!" என்று சிரித்தாள் மாணவி.

பெரியவள் சரியென்று தலையாட்டிக்கொண்டாள். ஆனாலும் வீட்டில் மாமியாரிடம் அறிக்கையைக் காட்டும்போது, அந்தப் பக்கம் மட்டும் திறக்காதபடி கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள்.