செவலைக்குப் பிடித்த உப்பு

வேலூர் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்றவரின் சட்டையிலிருந்து பச்சைத் தோலும் உப்பும் கலந்த வாடை அடித்தது. மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். நான் அணைக்கட்டுப் பக்கம் இருந்த எங்கள் பழைய மாட்டுக் கொட்டகைக்கே போய்விட்டேன்.

அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் வேலை. மாட்டுத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தேய்ப்பார். மாலையில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதுமே எங்கள் செவலைக் கிடாரி கயிறு தெறிக்க இழுக்கும். கை, கழுத்து, சட்டை என்று உப்புக் கரிக்கும் இடத்தையெல்லாம் நக்கித் தீர்த்துவிடும்.

"குளிச்சிட்டு வாங்கன்னா கேக்கறதில்ல. அவ குளிப்பாட்டினாதான் இவருக்குத் திருப்தி!" என்பாள் அம்மா.

அப்படிப்பட்ட செவலை, முதல் ஈத்தில் தன் கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைநாள். கன்று ஈரத்தோடு நடுங்கிக் கிடந்தது. தாய் நக்கிச் சூடேற்றாவிட்டால் அது பிழைக்காதென்று அம்மாவுக்குத் தெரியும்.

"இன்னாடி, பெத்தவ நீதானே? நக்குடி!" என்று கெஞ்சினாள்.

அந்நேரம் வேலையிலிருந்து வந்த அப்பா, போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கன்றின் முதுகெல்லாம் தேய்த்தார். செவலை மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. அப்புறம் நிறுத்தவேயில்லை. எங்கோ செத்துப்போன மாடுகளின் தோலில் கிடந்த உப்பு, எங்கள் கொட்டகையில் ஒரு கன்றுக்கு உயிரேற்றிக்கொண்டிருந்தது!

கன்று தள்ளாடி எழுந்தது. தாயின் மடியை விட்டுவிட்டு, நேரே வந்து அப்பாவின் முழங்கையைச் சப்பத் தொடங்கியது.

"கைய எடுங்க! மடியக் காட்டுங்க அதுக்கு!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா கையை எடுக்கவேயில்லை.