சாணம் படித்தவளும் பிதானோசரஸும்

கோமதி மத்திய அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு முப்பது வருடம் சாணம் படித்தவள். ஊரில் கேட்டவர்களிடம் அவள் அம்மா, "மக கல்கத்தாவுல தங்கம் தேடுத ஆபீசுல இருக்கா" என்றுதான் சொல்லிவந்தார். பாவம், வேறென்ன சொல்வார். முட்டை போட்ட கேக்கை வாசலோடு திருப்பி அனுப்பும் சங்கரன்கோவில் சைவப் பிள்ளை வீட்டில், ஒரு பெண் இருபது கோடி வருடத்துக்கு முந்தைய மிருகத்தின் விட்டையை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் கல்யாணம் நடக்குமா? எனக்கே தாலி கட்டிய பிறகுதான் தெரியும்.

நாக்கில் வைப்பது அந்த வேலையில் உள்ளதுதான். வெறும் கல் நாக்கில் வழுக்கும். நுண்துளைகள் உள்ள புதைபடிவம் லேசாக ஒட்டும். "கல்லாப் போனதுக்கு ஏது சைவம் அசைவம்?" என்பாள். அதே நாக்கால், அலுவலகக் காண்டீனில் பருப்புக்குள் மீன் கரண்டி பட்டதைக் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளியும் வைப்பாள்.

கோதாவரிப் பக்கத்துச் செம்பாறைகளில் பொறுக்கிய விட்டைகளை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைப்பாள். உள்ளே மீன் செதில் தெரியும். இன்று ஆடு குடிக்கவும் தண்ணீர் இல்லாத அந்த இடத்தில் அன்று வற்றாத ஆறு ஓடியது என்று அந்தச் செதிலை வைத்துச் சொல்வாள். "எலும்பு, மிருகம் எவ்வளவு பெரிசுன்னு சொல்லும். எதைத் தின்னுச்சு, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு இதுதான் சொல்லும்." அலுவலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் பெரிய எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு இவள் மேஜைக்கு வந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டது. சரியான ஆளிடம்தான் கேட்கிறார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஓய்வுபெற்ற பிறகு இதயம் பலவீனமானது. சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்பு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். எங்கள் வீடு நாலாவது மாடி. மாடிப்படி கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு உலகம் பால்கனி அளவானது. லிஃப்ட் போட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் நான் கேட்டுக் கேட்டு, ஒருவழியாகப் போன மழைக்காலத்தில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். தொடங்கிய வாரமே ஒரு எலும்பு வந்தது.

சங்கச் செயலாளர் பல்லப் பாபு ஒரு காப்பீட்டு முகவர். எலும்பைக் கழுவி, சிவப்பு வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டியில் வைத்து, எங்கள் பகுதியின் அரசாங்கப் பெயரை ஒட்டி 'பிதானோசரஸ்' என்று பெயரும் சூட்டிவிட்டார். வேலை நின்றது. அந்த வருட துர்கா பூஜைக்கு எங்கள் பந்தலின் தீம், டைனோசர். பள்ளத்தைச் சுற்றி மூங்கில் கட்டி, தெர்மோகோலில் ஒரு பிராணியை நிறுத்தினார்கள். அதற்குக் காது இருந்தது. வாலும் ஆட்டியது. துர்கையின் காலடியில் மகிஷாசுரனுக்குப் பதிலாக ஒரு பல்லியை வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். புரோகிதர் மறுத்துவிட்டார்.

மாடியில் இருந்தபடியே, போனுக்கு வந்த படத்தைப் பார்த்தே கோமதி சொல்லிவிட்டாள், அது எருமைக் கால் என்று. பல்லப் பாபு போனில் வங்காளத்தில் நயமாகச் சொன்னார்: "தீதி, லிஃப்ட் சீக்கிரம் வேணும்னு உங்களுக்கு ஆசை. தப்பே இல்லை. அதுக்காகச் சரித்திரத்தை எருமை ஆக்கலாமா?"

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பூஜை தொடங்கிய சஷ்டியன்று, நான் தடுத்தும் கேட்காமல், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கினாள். பந்தலில் நல்ல கூட்டம். கண்ணாடி மூடியைத் தூக்கினாள். ஆரத்தித் தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, எலும்பின் உடைந்த ஓரத்தில் குச்சியைப் பிடித்தாள். முடி பொசுங்கும் நாற்றம் எழுந்து, பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"வாடை வருதா? உள்ளே இன்னும் பசை இருக்கு. கல்லாப் போன எலும்புல இது வராது," என்று வங்காளத்தில் சொன்னாள். "இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டில் இருந்த காலத்துல, பால்காரனோட எருமை செத்து இங்கே புதைச்சிருப்பாங்க."

பந்தல் வாசலில் 'டைனோ தோசை' போட்டுக்கொண்டிருந்த பெத்துராஜ் அண்ணாச்சி கரண்டியோடு ஓடிவந்தார். விளாத்திகுளத்துக்காரர், பக்கத்து மார்க்கெட்டில் கடை.

"எக்கா, என்னக்கா இது? எருமைன்னு சொன்னா எவன் வருவான்? எருமை தோசைன்னு போர்டு வைக்கட்டுமா?"

"வைங்க அண்ணாச்சி. உங்க மாவுக்கு அதுதான் பொருத்தம்."

மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. உள்ளே ஊதுபத்தி வைத்தார்கள். தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகையும் தொங்கியது. பந்தலுக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுப் பிரிவில் மூன்றாம் பரிசு கிடைத்தது. வேலையை மறுபடி தொடங்க, காளி பூஜையும் முடிய வேண்டியிருந்தது. பெட்டியைப் பார்க்க இன்னும் ஆட்கள் வருகிறார்களே என்றார் பல்லப் பாபு. சஷ்டியன்று நாலு மாடி திரும்ப ஏறியதில் கோமதிக்கு வந்த கணுக்கால் வீக்கம் வடியவே இல்லை.

பிறகு, அஸ்திவாரத்துக்கு ஆழத் துளை போடும் இயந்திரம் வந்தது. அது அடியிலிருந்து கரிய சேற்றை வெளியே தள்ள, குடியிருப்பே நாறியது. எல்லோரும் சன்னலை மூடினார்கள். கோமதி சன்னலைத் திறந்து, "ஒரு வாளி அள்ளிட்டு வாங்க" என்றாள். பால்கனியில் செய்தித்தாள் விரித்து, சல்லடையில் அலசி, பழைய கைலென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. சிவந்த மரத்துண்டுகள் கிடைத்தன. சோற்றுப் பருக்கை அளவில் நத்தை ஓடுகள் கிடைத்தன.

"இது சுந்தரி மரம். இந்த நத்தை உப்பும் நல்லதண்ணியும் கலக்குத சேத்துலதான் இருக்கும். அப்போ நாம இருக்க இடம் அலையாத்திக் காடு. ஏதோ ஐயாயிரம், ஆறாயிரம் வருசத்துக்கு முந்தி கடல் தினமும் வந்துட்டுப் போயிருக்கு. பல்லப்பைக் கூப்பிடுங்க, அவரும் பாக்கட்டும்."

அவர் மூச்சிரைக்க ஏறிவந்து, மூக்கில் கைக்குட்டை வைத்தபடி குனிந்து பார்த்தார். "தீதி, இது சேறு."

"ஆமா."

"பல் ஏதாவது இருக்கா? நகம்?"

"இல்லை."

"அப்ப சரி," என்றார் நிம்மதியாக. அடுத்த நாளே லாரி வைத்து அந்தக் காட்டை முழுவதுமாக அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள்.

ஜனவரியில் லிஃப்ட் பொருத்தியாகிவிட்டது. ஓட்டுவதற்கான அனுமதி மட்டும் வரவில்லை. அந்த நாட்களில் ஒரு விடிகாலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. கீழே ஆம்புலன்ஸ் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, பல்லப் பாபுவும் பெத்துராஜும் முன்னால் பிடிக்க, நானும் டிரைவரும் பின்னால் பிடித்தோம். படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது.

"மெதுவா, அண்ணாச்சி," என்றாள். "நான் ஒண்ணும் பிதானோசரஸ் இல்ல."

பெத்துராஜ் அழுதுகொண்டே சிரித்தார். இரண்டாவது மாடிக்கு வரும்போது அவள் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

பதினாறாம் நாளுக்குள் அனுமதி வந்துவிட்டது. பல்லப் பாபு ரிப்பன் வெட்டி, லிஃப்டில் ஏறி, துக்கம் கேட்க வந்தார். அன்று முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக. ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.