பதினொரு முறை 'பயமில்லை'

ஆகஸ்ட் 5, செவ்வாய், காலை 7.10. சின்னக்கானலில் இருந்து போன். செல்வராணி அக்காவின் மகள். "அம்மா போயிட்டாங்கண்ணே." வாய்ப்புற்று. உடனே கணினியைத் திறந்து தேடினேன். அக்காவின் வாய்ப் படங்கள் பதினொன்று இருந்தன. படத்தைப் பார்த்துப் புற்றின் அறிகுறி உண்டா என்று சொல்ல நான் செய்த ஏஐ மாடல், பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் தந்திருந்தது: 'பயமில்லை'.

ஏன் பதினொன்று என்பது முகாம்களில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். தேயிலை எஸ்டேட்டின் சுகாதாரப் பணியாளர் அவர். முகாம் நாளில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க மஸ்டருக்கு வரும் பெண்களை நிறுத்தி, புற்றின் அறிகுறி உண்டா என்று போனில் வாயைப் படம் எடுப்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "என்னடி வெக்கம்? மொதல்ல என் வாயைப் பாருங்க. இதவிடக் கறை புடிச்ச வாய் எவளுக்கு இருக்கு?" என்று தன் வெற்றிலை வாயைத் திறந்து படம் எடுக்கச் சொல்வார். சிரிப்பு அடங்குவதற்குள் வரிசை நகர்ந்துவிடும். பதினொரு முகாம், பதினொரு படம்.

சாந்தன்பாறை முகாமில், மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்று பீற்றிக்கொண்டேன்.

"நூறு பேர்ல சீக்கு உள்ளவக எத்தன பேரு தம்பி?"

"அஞ்சு பேர் இருக்கலாம்க்கா."

"அப்ப நான் ஒருத்தி வாயையும் பாக்காம எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கும் தொண்ணூத்தஞ்சு குடுப்பியா?"

சிரித்து மழுப்பினேன். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது என்பதுதான் இங்கே கணக்கு. ரீகால் என்பார்கள். அந்த எண் மோசமாக இருந்தது. அதை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து புகார் வந்தது: நோயில்லாதவர்களை ஜீப் ஏற்றி அனுப்புகிறீர்கள், அவர்களுக்கு ஒருநாள் வேலை போகிறது. நியாயம்தான். எவ்வளவு சந்தேகம் வந்தால் அனுப்புவது என்ற எல்லையை உயர்த்தினேன். வீண் அலைச்சல் குறைந்தது. பாராட்டினார்கள். தப்பிப்போன நோய்கள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சாவுச் செய்தி வந்த அன்று காலை பழைய எல்லையை வைத்து அக்காவின் படங்களை மறுபடி ஓட்டினேன். ஏழாவது படத்திலேயே இடக்கன்னத்து வெள்ளைத் திட்டு சிக்கியது.

கன்னம் எரிகிறது என்று அக்கா சொன்னபோதே மகள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "தம்பி மிசினு பயமில்லன்னுதான் சொல்லுது. அது என் வாயைப் பாத்த மாதிரி எந்த டாக்டரும் பாத்ததில்ல" என்றாராம்.

இரங்கல் கூட்டத்தில் ஓர் அதிகாரி, "அவரே தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்" என்றார். மகள் தலைகுனிந்து நின்றாள். நான் எழுந்து மறுக்கவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட கேள்வி மட்டும்தான். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

இனி செய்யப்போவது:

1. எல்லையை இறக்குவேன். வீண் அலைச்சல் கூடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு விடுப்பு தரச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போடுவேன்.
2. 'பயமில்லை' என்ற பதிலை எடுத்துவிட்டு, 'படத்தில் தெரியவில்லை, எரிச்சல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்' என்று போடுவேன்.
3. பழைய படங்கள் அத்தனையையும் ஒரு டாக்டரை வைத்துத் திரும்பப் பார்ப்பேன். விட்டுப்போனவர்கள் வீட்டுக்கு நானே போவேன்.
4. அக்காவின் மகளிடம் சொல்வேன்: உன் அம்மா தாமதிக்கவில்லை. போகவேண்டியவரைப் போகவேண்டாம் என்றது நான்.